பேட்டரி வண்டியின் முன் சக்கரம் ஆடுகிறதா? செலவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை



வரி, எடை முத்திரை, விலை நிலவரம் ஆகியவற்றைப் பற்றியே நமது இதழில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை வண்டியைப் பற்றி எழுதும்படி ஆகிவிட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கப் பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கும் கடைகள் இன்று பல. பெட்ரோல் செலவு மிச்சம், சத்தமில்லை, இரவில் சார்ஜ் போட்டால் காலையில் தயார். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அந்த வண்டியின் ஹேண்டில் உதறத் தொடங்கியபோது அதை நான் கவனிக்க வேண்டிய விதத்தில் கவனிக்கவில்லை. அதன் பலனை என் கடைப் பையன் அனுபவித்தான். அப்படி இன்னொரு கடையில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும், அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. என் கிடங்கிலும் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதிலேயே நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சார்ஜ் ஏறியது, வண்டியும் ஓடியது. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து சில நாளில் பையன் சொன்னான், "முதலாளி, நாற்பதுக்கு மேலே போனா ஹேண்டில் உதறுது." நான், "அப்ப நாற்பதுக்கு மேலே போகாதே" என்றேன். இரண்டாம் முறை சொன்னபோது ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். முன் டயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மூன்றாம் முறை சொன்னபோது கோன் செட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். டயருக்கும் கூலிக்குமாக மூவாயிரத்துக்கு மேல் போயிற்று. ஆட்டம் போகவில்லை. நான்காம் முறை அவன் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி செலவுக் கணக்குப் பார்ப்பார் என்று நினைத்திருக்கலாம். பாகூர் ஏரிக்கரைப் பக்கம் இரண்டு சிப்பம் அரிசியுடன் போகும்போது ஹேண்டில் வெட்டி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். எதிரே லாரி ஒன்றும் வராததுதான் நாங்கள் செய்த புண்ணியம்.

பிறகு, ஐம்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வண்டியைப் பார்த்தார். ஸ்பேனரை எடுக்கும் முன் பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, காலி வண்டியிலே ஆடுதா, பாரத்தோட ஆடுதா?" பையன் சொன்னான், "காலியா திரும்பி வரும்போது லேசாத்தான் தாத்தா இருக்கும். சிப்பம் ஏத்தினாத்தான் உதறல் சாஸ்தி."

பட்டறையில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓட்டியவனுக்குத்தான் தெரியும், அவனைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் ஏன் வருகிறது?

கிடங்கில் நாம் தள்ளும் தள்ளுவண்டியின் முன் சில்லைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளினால் ஒழுங்காக உருளும். வேகமாகத் தள்ளினால் சில்லு இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரின் முன் சக்கரமும் ஏறக்குறைய அந்தச் சில்லைப் போன்றதுதான். தானாக நேராக நிற்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிறு பள்ளமோ கல்லோ தட்டினால் கொஞ்சம் விலகி, உடனே நேராகிவிடும். காற்றுக் குறைவு, டயர்த் தேய்மானம், தளர்ந்த பேரிங், தவறான பாரம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்துவிட்டால், நேராக வந்த சக்கரம் நிற்காமல் மறுபக்கம் போகும், மறுபடி இந்தப் பக்கம் வரும். ஒரு விநாடிக்கு 4 முதல் 10 தடவை வரை இப்படி அடிக்கும். அதைத்தான் நாம் உதறல் என்கிறோம்.

பேட்டரி வண்டியில் இதற்கென்று இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, பல வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் மோட்டாரே பிரேக் பிடிப்பதுபோல் இழுத்து, அந்த விசையை மறுபடி பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் வண்டியின் பாரம் சட்டென்று முன்னுக்கு வரும். முன் பக்கத்தில் கோளாறு இருந்தால் அப்போது வெளிப்படும். "ஆக்சிலேட்டரை விட்டாத்தான் ஆடுது" என்று பையன் சொன்னால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு, எஞ்சின் சத்தமும் அதிர்வும் இல்லாததால், பெட்ரோல் வண்டியில் கேட்காத 'டொக்' என்ற சத்தம் இதில் தெளிவாகக் கேட்கும். அது நமக்கு நல்லதுதான், காது கொடுத்தால்.

பாரம்தான் முதல் சந்தேகம்

மளிகைக் கடை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது நட்டும் போல்ட்டும் அல்ல, பாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். நம் பெரியவர்கள் வைத்திருந்த வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள். தாங்கும் கயிற்றுக்கு அப்பால் எவ்வளவு தள்ளிக் குண்டை வைக்கிறோமோ, அவ்வளவு மறுபக்கம் தூக்கும். வண்டியில் பின் சக்கர அச்சுதான் அந்தக் கயிறு.

கணக்காகவே சொல்கிறேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கியது நாம் அறிந்ததே. அத்தகைய சிப்பம் இரண்டு, மொத்தம் 52 கிலோ. என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரும்புக் கேரியர் ஒன்று வெல்டிங் செய்து நீட்டியிருந்தேன். பாரம் உட்காரும் இடம் பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 130 செ.மீ. என்றால், 52ஐ 30ஆல் பெருக்கி 130ஆல் வகுக்க, 12 கிலோ. அதாவது 52 கிலோ பாரமும் பின் சக்கரத்தில் இறங்குவது மட்டுமன்றி, முன் சக்கரத்தில் இருந்த எடையிலும் 12 கிலோவைப் பிடுங்கிப் பின்னால் வைக்கிறது. வண்டி 115 கிலோ, ஆள் 65 கிலோ என்றால், அதில் முன் சக்கரம் தாங்குவது ஏறத்தாழ 70 கிலோதான். அதில் 12 போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. தரையை அழுத்திப் பிடிக்காத முன் சக்கரம் ஆடாமல் என்ன செய்யும்?

இதே பாரத்தில் ஒரு சிப்பத்தை ஃபுட்போர்டில் வைத்தால் அது இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரைக்கு அருகே இருக்கும். முன் சக்கரமும் தன் பங்கைத் தாங்கும். ஆனால் ஹேண்டில் முழுதாகத் திரும்ப வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். இரண்டு சிப்பத்துக்கும் ஒழுங்கான இடம் இல்லையென்றால் இரண்டு நடையாகப் போவதே சரி. வண்டி மொத்தம் எவ்வளவு எடை தாங்கும் என்பது அதனுடன் வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஓட்டுபவரின் எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பை மாட்டுவது. ஒரு பக்கம் ஐந்து லிட்டர் எண்ணெய், மறு பக்கம் வெல்லம். அந்தப் பைகள் ஊசலாடும்போது ஹேண்டிலையும் சேர்த்து ஆட்டும். இதை இன்றே நிறுத்திவிடலாம், காசு செலவில்லை.

காலி வண்டியிலும் ஆடினால்

பாரத்தை இறக்கி, கேரியரையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தும் ஆட்டம் இருந்தால், கோளாறு வண்டியில்தான். கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தால் செலவு குறையும். சாவியை எடுத்துவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும். பேட்டரி வண்டி ஆனில் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆக்சிலேட்டரில் கை பட்டால் பின் சக்கரம் சுழன்று விரலைப் பதம் பார்த்துவிடும்.

1. காற்று: காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது புத்தகத்தில் இருக்கும். முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு வேறு அளவு. கையால் அழுத்திப் பார்த்துச் சொல்வது கணக்கல்ல. தராசு இல்லாமல் நாம் சரக்கு நிறுக்கிறோமா? காற்று அளக்கும் சிறு மீட்டர் ஒன்று கடையிலேயே இருக்கட்டும். பின் டயரில் காற்றுக் குறைந்தாலும் முன் பக்கம் ஆடுவது போலத் தெரியும்.

2. டயர்: உள்ளங்கையை டயரின் மேல் வைத்து மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். மேடு பள்ளமாக, படிப்படியாகத் தேய்ந்திருந்தால் கையில் தெரியும். எங்காவது புடைப்பு இருந்தால் அந்த டயரில் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. ரிம் ஓரமாக டயரில் ஒரு கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

3. ரிம் கோட்டம்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ஊன்றி, அதன் முனை ரிம்மின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது.

4. சக்கர பேரிங்: அதே நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டிலும் ஃபோர்க்கும் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங் போயிருக்கிறது, அல்லது அச்சு நட்டு தளர்ந்திருக்கிறது.

5. கோன் செட்: ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். 'டொக்' என்று கேட்டால் கோன் செட் தளர்ச்சி. பிறகு ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கினால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். தளர்ச்சியைப் போலவே அளவுக்கு மீறி இறுக்கினாலும் வண்டி நேரே போகாது, தள்ளாடும். என் வண்டியில் பட்டறைக்காரர் செய்தது இதுதான்.

6. ஃபோர்க்: வண்டிக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். சக்கரம் நேராக இருக்க ஹேண்டில் கோணலாக இருந்தால், முன்பு எங்கோ இடித்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் தண்டில் எண்ணெய் கசிவு, எங்காவது வெல்டிங்கில் கீறல், பெயிண்ட் பிளவு உண்டா என்றும் பாருங்கள். கீறல் கண்டால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

7. பின் பக்கம்: பின் சக்கர நட்டு தளர்ந்தாலும், பின் சட்டம் சேரும் இடத்துப் புஷ் தேய்ந்தாலும் வண்டி பின்னாலிருந்து ஆடும். ஓட்டுபவருக்கு அது ஹேண்டிலில்தான் தெரியும். முன்னேர் போன வழியே பின்னேர் என்பார்கள். வண்டியில் சில சமயம் பின்னேர்தான் முன்னேரை இழுக்கிறது.

ஆட்டம் எப்போது வருகிறது என்பதும் ஓர் அடையாளமே. பிரேக் பிடித்தால் மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க் அல்லது டிரம், கோன் செட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் ஃபோர்க். மேலும் கீழுமாகக் குதித்தால் ரிம் அல்லது டயர்ப் புடைப்பு. சோதிக்கிறேன் என்று ஓடும் வண்டியில் ஹேண்டிலிலிருந்து கையை எடுப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

என் வண்டியில் கடைசியில் கண்டது இரண்டு. வெள்ளத் தண்ணீர் புகுந்து கோன் செட்டில் துரு ஏறியிருந்தது. அதன்மேல் என் கேரியர் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. கோன் செட்டை மாற்றி, கேரியரை வெட்டி எடுத்த பிறகு ஆட்டம் நின்றது. முதலில் மாற்றிய டயர் நல்ல டயர்தான். வெள்ளத்தில் நின்ற வண்டி எதுவானாலும், ஓடுகிறதே என்று விடாமல், சக்கர பேரிங்கையும் கோன் செட்டையும் திறந்து பார்த்துக் கிரீஸ் மாற்றிவிட வேண்டும்.

கம்பெனி சொல்வதையும் கேட்க வேண்டும்

சில சமயம் குறை நம்மிடமும் இல்லை, பட்டறையிலும் இல்லை. முன் ஃபோர்க் முறிந்ததாகப் புகார்கள் பரவிய பின், 2023 மார்ச்சில் ஓலா நிறுவனம், அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று கூறிக்கொண்டே, தன் எஸ்-1 வண்டிகளுக்குப் புதிய முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை தயாரான ஐ-க்யூப் வண்டிகளின் சட்டத்தில் ஒரு குழாயைச் சோதிக்க 2024இல் டி.வி.எஸ். நிறுவனம் உரிமையாளர்களை அழைத்தது. இத்தகைய அழைப்புகள் வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்கி ஓட்டுபவர்களுக்கு வராமல் போகலாம். ஆகவே கைக்காசு போட்டுப் பழுது பார்க்கும் முன், சேசிஸ் எண்ணைக் கொடுத்து விற்பனை நிலையத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

இன்னொன்று. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் 25 கி.மீ.க்கு மேல் போகாத வேகமும் உள்ள வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. அந்த வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 45இல் ஓட்டுவோர் உண்டு. அதன் டயரும் ஃபோர்க்கும் பிரேக்கும் 25க்குச் செய்யப்பட்டவை. அதில் பாரமும் ஏற்றினால் ஆட்டம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சட்டப்படியும் அது அப்போது பதிவு தேவைப்படும் வண்டியாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் நம் பக்கம் பேச எதுவும் இராது.

ஓடும்போது உதறினால்

பையன்களுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக விடவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, ஹேண்டிலை உறுதியாக, ஆனால் விறைக்காமல் பிடிக்க வேண்டும். வேகம் குறைந்ததும் ஓரம் கட்டி, பாரத்தை இறக்கிவிட்டு எனக்குப் போன் செய் என்று சொல்லுங்கள். சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் வாடிக்கையாளர் கோபிப்பார், மறுநாள் சமாதானமாகிவிடுவார்.

வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொட்டே இருந்து வருகிறது. ஆனால் சட்டத்துக்காக இதைச் சொல்லவில்லை. கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து நின்ற பையனின் தாயார் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. "உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னானேய்யா" என்று மட்டும்தான் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பழமொழி. இப்போது என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் காற்று அளப்பது, டயர் தடவிப் பார்ப்பது, ஃபோர்க்கை ஆட்டிப் பார்ப்பது. பத்து நிமிடம் ஆகும். சாயங்காலம் பூசை போடும்போது வண்டிக்கும் சூடம் காட்டுகிறோம். சாமி காப்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. காலையில் நாம் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால், அவருக்கும் வேலை கொஞ்சம் குறையும்.

வண்டி ஓட்டும் பையன் ஏதாவது சொன்னால், கல்லாவை விட்டு எழுந்து வந்து கேளுங்கள். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "காலியாக ஆடுகிறதா, பாரத்தோடு ஆடுகிறதா?"